மனந்திரும்பிய மெட்டு

கிறிஸ்தவர்கள் கல்யாணத்துக்கு முன்னால் ஓலை வாசிப்பார்கள். தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன், தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். பனையோலை ஒன்றும் கிடையாது. ஞாயிறு ஆராதனையில் போதகர் எழுந்து நின்று, இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் நடக்க இருக்கிறது, யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் சொல்லலாம் என்று கேட்பார். மூன்று ஞாயிறு இப்படிக் கேட்க வேண்டும். யாரும் ஒன்றும் சொல்வதில்லை. எவராவது இருமினால் மட்டும் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்த வருஷம், மலாக்கா காஜா பேராங்கிலிருந்த கிருபாசன சபையில் ராஜரத்தினத்துக்கும் பாக்கியத்துக்கும் முதல் ஓலை வாசித்தார்கள். மூப்பர் தம்பிராஜா இருமவில்லை. எழுந்தே நின்றுவிட்டார்.

"மணமகன் ஜாஸ் வாசிக்கிறார்" என்றார்.

சபையில் பாதிப் பேர் அதை 'ஜாஸ்தி வாசிக்கிறார்' என்று காதில் வாங்கினார்கள். பையன் வேதத்தை அதிகமாக வாசிக்கிறான் போலிருக்கிறது, நல்ல விஷயந்தானே, இதற்கு ஏன் இவர் இவ்வளவு சிவந்துபோகிறார் என்று விழித்தார்கள். ராஜரத்தினமும் அவர்களோடு சேர்ந்து விழித்தான்.

அவன் பகலில் ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் கிளார்க்கு. சாயங்காலமானால் டவுன் பார்க் என்ற கேளிக்கைப் பூங்காவில், நடன மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாக்சபோன் வாசிப்பான். ஞாயிற்றுக்கிழமை காலையில் சபையில் இருப்பான். இந்த மூன்றில் ஒன்று மற்றொன்றுக்கு விரோதம் என்று அவனுக்கு அதுவரை யாரும் சொல்லவில்லை.

பாக்கியம் சபை நடத்திய பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவள் சம்பளத்தில்தான் படுக்கையில் கிடந்த அம்மாவுக்கு மருந்து. சபையை விட்டு ரிஜிஸ்தர் ஆபீசில் போய்க் கையெழுத்துப் போட்டால் மறுநாளே வேலை போய்விடும். ஆகவே கல்யாணம் என்று ஒன்று நடந்தால் அந்தச் சபையில்தான் நடக்க வேண்டும். அவள் அப்பா பொன்னுதுரை இன்னொன்றும் சொல்லிவிட்டார். "மெர்டேக்காவுக்குள்ள இது ஒப்பேறாட்டி, சிரம்பான் மாப்பிளைக்கு ஓம் எண்டு சொல்லிப்போடுவன்."

பொன்னுதுரை குடும்பம் யாழ்ப்பாணம். ராஜரத்தினத்தின் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். இதை யாரும் ஆட்சேபணையாகச் சொல்லவில்லை. சபையில் அப்படிப் பேசக்கூடாது என்று ஒரு தீர்மானமே இருந்தது. அதனால் ஜாஸ் என்று ஒன்று இருந்தது எல்லாருக்கும் வசதியாகப் போயிற்று.

மூப்பர் தம்பிராஜா மலாக்கா ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். யுத்தத்தில் ஜப்பான்காரன் வந்து தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போனான். ரயில் போய்விட்டது, ஸ்டேஷன் மாஸ்டர் போகவில்லை. ஓலை வாசித்த அந்த வாரமே 'பரிசுத்த சங்கீத விசாரணை உபகமிட்டி' என்று ஒன்றைக் கூட்டி, தானே தலைவராக உட்கார்ந்தார். ஆலயத்தின் பின்னறையில் முதல் விசாரணை நடந்தது. போதகர் ஐயா பக்கத்தில் இருந்தார். ஹார்மோனியம் வாசிக்கும் ஜெயபாலன் சங்கீத நிபுணர் என்ற முறையில் இருந்தார்.

தலைவர் ஜெபம் பண்ணிவிட்டுப் பேசினார். "சகோதரரே, நான் இண்டை வரைக்கும் ஜாஸ் கேட்டதே இல்லை. அதனாலைதான் ஆண்டவர் என்னை இந்த விசாரணைக்குத் தலைவராக வைச்சிருக்கிறார். கேட்டவனுக்கு விருப்பு வெறுப்பு வந்திடும். எனக்கு அந்தக் குறை இல்லை."

"ஆமென்" என்றார் ஜெயபாலன்.

"முதலாவது கேள்வி. நேரான குழல் எத்தனையோ இருக்க, நீர் ஏன் வளைஞ்ச குழலைத் தெரிஞ்செடுத்தனீர்?"

"அது செய்யும்போதே வளைச்சுத்தான் செய்றாங்க ஐயா" என்றான் ராஜரத்தினம்.

"பழியை மற்றவையில போடாதையும். ரெண்டாவது. புத்தகத்தைப் பார்த்தோ வாசிக்கிறனீர்?"

"தொடக்கத்துல பார்ப்பேங்க. கொஞ்ச நேரம் போனதும் பார்க்கிறதில்லை."

"பார்க்காமல் எதை வாசிக்கிறீர்?"

ராஜரத்தினம் யோசித்தான். வாசிப்பது என்றால் கண்ணால் எழுத்தை வாசிப்பதும் அதுதான், வாத்தியத்தை வாசிப்பதும் அதுதான். தமிழில் இரண்டுக்கும் ஒரே வார்த்தையாக இருப்பது அவன் குற்றமில்லை. ஆனால் அந்த அறையில் அது அவன் குற்றமாகத்தான் தெரிந்தது.

"தெரியலிங்க. வர்றதை வாசிக்கிறேன்."

"எழுதிக்கொள்ளும் ஜெயபாலன். புத்தகத்தில இல்லாததை வாசிக்கிறார். வேதத்தில இல்லாததை வாசிச்சால் அது கள்ள உபதேசம். நோட்டில இல்லாததை வாசிச்சால் அது ஜாஸ். ஜாஸ் எண்டால் என்ன? ஜாஸ்தி எண்ட சொல்லின்ரை சுருக்கம். தேவைக்கு மேற்பட்ட சுரம் எல்லாம் ஜாஸ்."

"தேவை எவ்வளவுன்னு யாருங்க சொல்றது?"

"அதுக்குத்தான் கமிட்டி."

போதகர் ஐயா நல்ல மனுஷர். எதையாவது கேட்டு உதவலாம் என்று நினைத்தார். "தம்பி, அப்படி வாசிக்கும்போது உம்முடைய உள்ளத்தில் என்ன இருக்கும்?"

"பயமா இருக்குங்க ஐயா. அடுத்தது எங்கேர்ந்து வரும்னு தெரியாது. மூச்சை இழுத்துக்கிட்டுக் காத்திருப்பேன். வந்துடும். யாரோ கொடுத்த மாதிரி இருக்கும்."

போதகர் ஐயாவின் முகம் மலர்ந்துவிட்டது. "எனக்கும் அப்படித்தான்! நான் ஜெபிக்கும்போது..."

புத்தகம் பார்க்காமல் ஜெபிப்பதுதான் அந்தச் சபையின் பெரிய பெருமை. புத்தகம் பார்த்து ஜெபிக்கிற மற்ற சபைக்காரர்களைப் பற்றி அவர்கள் வருத்தத்தோடு பேசுவார்கள். வர்றதை ஜெபித்தால் அது ஆவியின் ஏவுதல். தம்பிராஜா போதகரைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் எத்தனையோ ரயில்கள் நின்றிருக்கின்றன. போதகர் ஐயா தண்ணீர் குடித்தார். அவர் சொன்னதைக் குறிப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

அடுத்து ராஜரத்தினத்தின் பக்கத்துச் சாட்சி. பேண்டில் அவனோடு மேளம் அடிக்கும் கருணாகரன் கம்போங் செட்டியிலிருந்து, நெற்றியில் திருநீறோடு, சாரோங்கை இழுத்துக் கட்டிக்கொண்டு வந்தான். பேர் கருணாகரன், சாமி மாரியம்மன், பேச்சு மட்டும் மலாய். பல தலைமுறையாக மலாக்காவில் ஊறிப்போன செட்டிகளுக்கு அதுதான் வீட்டுப் பேச்சு, தமிழ் அங்கங்கே ஒட்டிக்கொண்டிருக்கும். கதவோரமாக ஒரு நாற்காலி போட்டார்கள்.

சிநேகிதனுக்கு நல்லது செய்ய வேண்டும் என்று கருணாகரன் நெஞ்சில் கை வைத்துச் சொன்னான். "டியா மெயின் பாகுஸ். ஹாரி-ஹாரி மெயின். சாமா செமுவா ஓராங் டியா மெயின்."

தலைவரே மொழிபெயர்த்தார். "இவர் நல்லா விளையாடுறாராம். நாள்தோறும் விளையாடுறாராம். எல்லாரோடும் விளையாடுறாராம்."

ஜெயபாலன் எழுதுவதை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார். மலாய்க்காரர்களுக்குப் பந்து விளையாடுவதும் மெயின், சீட்டாடுவதும் மெயின், வாத்தியம் வாசிப்பதும் மெயின், பெண்பிள்ளைகளோடு திரிவதும் மெயின்.

"இல்லிங்க ஐயா! வாசிக்கிறதுக்கும் அதான் சொல்வாங்க" என்று ராஜரத்தினம் பதறினான்.

"பாத்தீரோ? வாசிப்பும் விளையாட்டும் ஒண்டுதான் எண்டு இவரே ஒத்துக்கொள்றார். எழுதிக்கொள்ளும்."

கருணாகரன் தான் நன்றாகச் சாட்சி சொல்லிவிட்டதாக நினைத்து, வெளியே வந்து ராஜரத்தினத்தின் முதுகில் தட்டினான். "சுடா செட்டேல், ரத்னம்" என்றான். எல்லாம் முடிந்தது என்று அர்த்தம். அதில் மட்டும் மொழிபெயர்ப்புத் தவறவில்லை.

இரண்டாவது ஓலை வாசிக்க வேண்டிய ஞாயிறு வாசிக்கவில்லை. கமிட்டி நேரில் போய்ப் பார்க்கத் தீர்மானித்திருந்தது. பாவத்தைக் கண்டிப்பவர்கள் அதை அருகில் உட்கார்ந்து அறிய வேண்டியது கடமை என்றார் தலைவர். கோட்டும் டையுமாகப் பார்க்குக்குப் போனார்கள். வாத்தியக்காரர்களுக்கு முன்னாலிருந்த மேஜையில் உட்கார்ந்து கலர் வரவழைத்தார்கள். அதற்கு முன் சுருக்கமாக ஜெபமும் செய்தார்கள். பக்கத்து மேஜையில் இருந்த போர்த்துகீசிய வம்சத்துச் சட்டைக்காரர்கள் தொப்பியைக் கழற்றி மரியாதையாக இருந்தார்கள்.

வேகமான பாட்டுகளுக்குக் கமிட்டி கண்ணை மூடிக்கொண்டது. பிறகு பேண்டு ஒரு மெதுவான மெட்டை எடுத்தது. அப்போது அந்த மெட்டைத் தெரியாதவர்கள் இந்தப் பக்கத்தில் யாரும் இல்லை. மலாய்க்காரர், சீனர், சட்டைக்காரர், செட்டி எல்லாரும் அதற்கு ஜோடி சேர்ந்து மெல்ல அசைவார்கள். ராஜரத்தினம் அதில் பாதி வழி வரை நோட்டில் இருந்ததை வாசித்துவிட்டு, பிறகு கண்ணை மூடி, மூச்சை இழுத்துக் காத்திருந்தான். வந்தது.

ஜெயபாலனின் வலது கால் ஆடியது. தலைவர் குனிந்து பார்த்தார்.

"கால் பிடிச்சிட்டுது" என்றார் ஜெயபாலன்.

"தாளத்துக்கு ஏத்தாப்போலை பிடிக்குது."

"அப்படிப்பட்ட பிடிப்பு."

இது நோயா ஜாஸா என்று சந்தேகமறத் தெரிய வேண்டும் என்பதால், அதே மெட்டை இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார்கள். பிறகு இன்னொரு முறை. அடுத்த வாரமும் வந்தார்கள். அதற்கடுத்த வாரம் போதகர் ஐயா வீட்டம்மாவையும் அழைத்து வந்தார், பெண்கள் மேல் அதன் பாதிப்பு எப்படி என்று தெரிந்துகொள்ள. அம்மாவுக்குப் பாதிப்பு நன்றாகவே இருந்தது. இதற்குள் அவர்களுக்கு அந்த மேஜையே சொந்தமாகிவிட்டது.

ஜூலையில் தீர்ப்பு வந்தது. வேகமான ஜாஸ் சரீரத்தைக் குலுக்குகிறது, மெதுவான ஜாஸோ ஆத்துமாவை இளக்குகிறது, ஆகவே மெதுவானதே அதிக ஆபத்து. குறிப்பாக அந்த ஒரு மெட்டு சாபத்துக்குரியது. அதை வாசித்த ராஜரத்தினம் மனந்திரும்பும் வரை ஆலயத்துக்குள் வரக்கூடாது. ஜன்னலுக்கு வெளியே நின்று ஆராதனையைக் கேட்கலாம். ஆமென் சொல்லக்கூடாது.

ராஜரத்தினம் அன்று சாயங்காலமே தம்பிராஜா வீட்டுக்குப் போனான். சாக்சபோனைப் பெட்டியில் வைத்துக் கட்டிலடியில் தள்ளிவிட்டுத்தான் போனான்.

"ஐயா, நான் மனந்திரும்பிட்டேங்க."

"நல்லது. எதிலையிருந்து?"

"ஜாஸ்லேர்ந்து."

"ஜாஸ் எண்டால் என்ன?"

"நீங்கதானே சொன்னீங்க, தேவைக்கு மேலன்னு."

"தேவை எவ்வளவு எண்டு கமிட்டி இன்னும் முடிவு செய்யேல்லை. எது பாவமெண்டு தெரியாமல் எப்படியப்பா அதிலையிருந்து திரும்புவீர்? அவசரப்பட்டுத் திரும்பினால் வேறை பக்கம் திரும்பிடுவீர். பொறும்."

பாக்கியம் இதைக் கேள்விப்பட்டு, பள்ளி விட்டதும் கடைக்கு நேராகவே வந்தாள். சேலைத் துணி பார்ப்பவள் போலக் கவுன்டரில் நின்றுகொண்டு அவனைத் திட்டினாள்.

"ஊதுறதை விட்டிட்டீங்களாம்? ஆர் கேட்டது விடச் சொல்லி?"

"உனக்காகத்தான் பாக்கியம்."

"நான் உங்களையோ கட்டப்போறன், தம்பிராஜா அங்கிளையோ?"

"அவர் சொன்னாத்தானே உன்னைக் கட்ட முடியும்?"

அவள் கையிலிருந்த நீலத் துணியைத் திரும்பத் திரும்ப மடித்தாள். "அப்பா சிரம்பானுக்கு ஆள் அனுப்பிட்டார்" என்று மட்டும் சொன்னாள்.

ஆகஸ்டில் ஒரு நாள் கருணாகரன் சாரோங் அவிழ அவிழக் கடைக்குள் ஓடிவந்தான். "ரத்னம்! லாகு கீத்தா! ரேடியோ!" நம்ம பாட்டு, நம்ம பாட்டு என்று குதித்தான். எதிர்க் காப்பிக்கடை ரேடியோவைச் சுற்றிக் கூட்டம். புதிய நாட்டுக்குத் தேசிய கீதம் முடிவாகிவிட்டது. வார்த்தைகள் புதிது, கம்பீரமாக இருந்தன. மெட்டு புதிதில்லை. அதே மெட்டுதான். காப்பிக்கடையில் எல்லாரும் எழுந்து நின்றார்கள். ராஜரத்தினமும் நின்றான். அந்த மெட்டை இனி நடன மேடையில் வாசிக்கக்கூடாது என்பது பின்னால் வந்த சேதி.

கிருபாசன சபையில் அவசரக் கூட்டம். மெர்டேக்கா நாளான ஆகஸ்ட் முப்பத்தொன்று சனிக்கிழமை. மறுநாள் ஞாயிறு ஸ்தோத்திர ஆராதனையில் தேசிய கீதம் வாசித்தே ஆக வேண்டும். அந்த மெட்டோ சாபத்துக்குரியது என்று கமிட்டியே கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறது. வாசித்தால் சபைக்கு விரோதம், வாசிக்காவிட்டால் நாட்டுக்கு விரோதம்.

ஜெயபாலன் அழுகிற நிலைக்கு வந்துவிட்டார். தம்பிராஜா மட்டும் கலங்கவில்லை. கண்ணை மூடி, புத்தகம் பார்க்காமல் நெடுநேரம் ஜெபித்துவிட்டு எழுந்தார்.

"சகோதரர்களே, பயப்படாதையுங்கோ. நாங்கள் அண்டைக்குச் சொன்னதும் சரி, இண்டைக்கு வாசிக்கிறதும் சரி. அண்டைக்கு அந்த மெட்டு பாவத்தில இருந்தது உண்மை. நாங்கள் கண்டிச்சம். எங்கடை கண்டிப்பால அது மனந்திரும்பிட்டுது. அரசாங்கம் அதை ஏற்றுக்கொண்டதே அதுக்கு அத்தாட்சி. இது இந்த உபகமிட்டியின்ரை முதல் ஆத்தும அறுவடை."

"ஸ்தோத்திரம்!" என்றார்கள்.

"அப்படியானால் ராஜரத்தினம்?" என்று போதகர் ஐயா மெல்லக் கேட்டார்.

"மெட்டு மனந்திரும்பிட்டுது ஐயா. வாசிச்சவர் இன்னும் திரும்பேல்லை. ரெண்டையும் குழப்பக்கூடாது."

ஆனால் அதை வாசிக்க யாருமில்லை. ஜெயபாலன் ஹார்மோனியத்தில் எவ்வளவோ முயன்று பார்த்தார். அந்த மெட்டு அவர் காலுக்குத் தெரிந்திருந்த அளவு கைக்குத் தெரியவில்லை. கடைசியில் ஒரு தீர்மானம் போட்டார்கள். ராஜரத்தினம் எப்போதும் போல ஜன்னலுக்கு வெளியே நிற்க வேண்டியது. நின்றபடியே வாசிக்க வேண்டியது. ஓசை மட்டும் உள்ளே வரலாம்.

கருணாகரன் போகாதே என்றான். கோபத்தில் தரையில் துப்பினான். ராஜரத்தினம் கட்டிலடியிலிருந்து பெட்டியை இழுத்தான். நன்றாக வாசித்தால் ஒருவேளை மனம் இரங்குவார்கள் என்று நினைத்தான். ஏன் நினைத்தாய் என்று அவனைக் கேட்காதீர்கள். அந்த நிலையில் நீங்களும் நானும் அதைத்தான் நினைத்திருப்போம்.

ஞாயிறு காலையில் ஆலயம் நிரம்பியிருந்தது. போதகர் தலையசைத்ததும் அவன் வெளியே வெயிலில் நின்று வாசித்தான். ஒரு சுரம் கூட்டவில்லை, ஒரு சுரம் குறைக்கவில்லை. நோட்டில் இருந்தது இருந்தபடி. உள்ளே எல்லாரும் விறைத்து நின்றார்கள். தம்பிராஜாவின் கன்னத்தில் கண்ணீர் ஓடியது. பாக்கியம் ஜன்னலோரம் நின்றிருந்தாள். தேசிய கீதம் முடியும் வரை யாரும் திரும்பிப் பார்க்கக்கூடாது, அதனால் அவளும் பார்க்கவில்லை.

எல்லாரும் உட்கார்ந்தார்கள். போதகர் ஐயா தொண்டையைச் செருமிக்கொண்டு, அன்றைய அறிவிப்பை வாசித்தார். சிரம்பான் சபையைச் சேர்ந்த ஒரு ஆசிரியருக்கும், பொன்னுதுரையின் மகள் பாக்கியத்துக்கும் விவாகம் நடக்க இருக்கிறது. இது முதல் ஓலை. யாருக்காவது ஆட்சேபணை உண்டானால் சொல்லலாம்.

ஜன்னலுக்கு வெளியே ராஜரத்தினம் வாயைத் திறந்தான். ஆமென் சொல்லக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். ஆட்சேபணை சொல்லலாமா என்று சொல்லியிருக்கவில்லை. அவன் இதை யோசித்துக்கொண்டிருந்தபோதே உள்ளிருந்து குரல் வந்தது.

"எனக்கு ஆட்சேபணை இருக்கு."

பாக்கியம் எழுந்து நின்றாள்.

"இரு பிள்ளை!" என்று பொன்னுதுரை அவள் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார்.

"ஆட்சேபணை மற்றவைக்குத்தான். கட்டுறவைக்கு இல்லை" என்றார் தம்பிராஜா.

"அப்படி விதியில எங்கை இருக்கு அங்கிள்?"

தம்பிராஜா விதிப் புத்தகத்தைப் புரட்டினார். மணமகள் ஆட்சேபிக்கலாம் என்றும் இல்லை. கூடாது என்றும் இல்லை. அப்படி ஒன்று நடக்கும் என்று அதை எழுதியவர்களுக்குத் தோன்றவேயில்லை.

"என்னம்மா ஆட்சேபணை?" என்றார் போதகர் ஐயா.

"எனக்கு ஏற்கெனவே ஒரு ஓலை வாசிச்சாச்சு ஐயா. அதை ஒருத்தரும் திருப்பி எடுக்கேல்லை. ஒருத்திக்கு ரெண்டு பேரோடை ஓலை வாசிக்கலாமோ?"

சபை முழுக்க ஒரு முணுமுணுப்பு எழுந்தது. தம்பிராஜா மறுபடியும் புரட்டினார். வாசித்த ஓலையை வாசிக்காததாக்குவதற்கு விதி இல்லை. மிச்சமிருக்கும் இரண்டு ஓலையை வாசிப்பதற்கோ விசாரணை முடிய வேண்டும். விசாரணை முடிய, தேவை எவ்வளவு என்று முடிவாக வேண்டும்.

"விஷயம் உபகமிட்டிக்கு அனுப்பப்படுகிறது" என்றார் அவர்.

சிரம்பான் மாப்பிள்ளை கொஞ்ச காலம் பொறுத்துப் பார்த்துவிட்டு, வேறு இடத்தில் கட்டிக்கொண்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. பொன்னுதுரை மகளோடு பேசுவதை நிறுத்திவிட்டார். மருந்து வாங்கிவரும் நாளில் மட்டும் பேசுவார். உபகமிட்டி கூடத்தான் செய்தது. ஜெயபாலனின் கால் பிடிப்பை எதில் சேர்ப்பது என்பதிலேயே ஒவ்வொரு கூட்டமும் முடிந்தது. ராஜரத்தினம் ஞாயிறு தவறாமல் ஜன்னலுக்கு வெளியே வந்து நிற்பான். தேசிய கீதம் தேவைப்பட்டால் வாசிப்பான். பாக்கியம் உள்ளே அந்த ஜன்னலோரமே உட்காருவாள். அவர்களுக்கு நடுவே ஒரு சுவரும் ஒரு சட்டமும் இருந்தன, கண்ணாடிகூட இல்லை.

பிறகு மழைக்காலம் வந்தது. பிரசங்கத்தின் நடுவில் மழை கொட்டும். அவன் நகர மாட்டான். அவள் ஜன்னல் வழியாகக் குடையை வெளியே விட்டு விரித்துப் பிடிப்பாள். கைப்பிடி ஆலயத்துக்குள்ளே இருக்கும், குடை ஆலயத்துக்கு வெளியே இருக்கும். தம்பிராஜா இதைக் கவனித்தார். ஒழுங்கு நடவடிக்கையில் இருக்கும் ஒருவருக்கு ஆலயத்துக்குள்ளிருந்து குடை பிடிப்பது பற்றி விதியில் எதுவும் காணவில்லை. அதையும் உபகமிட்டிக்கு அனுப்பினார்கள்.

பிரசங்கம் நீளமாகத்தான் இருக்கும். கை வலித்தால் அவள் மற்றக் கைக்கு மாற்றிக்கொள்வாள்.